எட்டு நாளில் ஞானஸ்நானம்: சூரிச், 1525

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்க மதம் உங்களுக்கு எப்படி வந்தது?

நம்மில் பெரும்பாலானவர்களுக்குப் பதில் ஒன்றுதான். வீட்டிலிருந்து வந்தது. இனிஷியல் மாதிரி. அப்பா பெயரின் முதல் எழுத்து நம் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது, யாரும் நம்மிடம் கேட்பதில்லை. மதமும் அப்படித்தான். எந்தப் பண்டிகைக்குப் புது டிரஸ், வீட்டுச் சுவரில் யார் படம், எல்லாமே நாம் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

எனக்கும் அப்படித்தான் வந்தது. எங்கள் வீடு தலைமுறை தலைமுறையாக லூத்தரன். கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். 15 வயதில் திடப்படுத்தல். நம்ம பாஷையில் கன்ஃபர்மேஷன். ஞானோபதேசத்தை மனப்பாடம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் "ஆம்" என்று சொன்னேன். அன்று மதியம் வீட்டில் பிரியாணி. உண்மையைச் சொன்னால் அந்த நாளில் எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருப்பது அந்தப் பிரியாணிதான்.

சில வருஷம் முன்னால் என் அக்கா வேறு ஒரு சபையில் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தாள். தண்ணீரில் முழுசாக முங்கி எழும் ஞானஸ்நானம். அப்போது அவளுக்கு 26 வயது, சொந்தச் சம்பளம், சொந்த முடிவு. வீட்டில் சொன்னபோது அப்பா கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ நாங்க உனக்குக் கொடுத்தது செல்லாதா?"

அக்காவிடம் பதில் இல்லை. அப்பா அதற்கப்புறம் பல மாதம் அவளிடம் சரியாகப் பேசவில்லை. போன் வந்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

இந்தச் சண்டை தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் புதுசு இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அப்பா கேட்ட கேள்விக்கு 500 வயது ஆகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்விக்காக ஒரு நகரம் தன் சொந்தப் பிள்ளைகளையே ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

பாதியில் நின்ற சீர்திருத்தம்

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம். 1519ஆம் வருஷம் ஜனவரி 1ஆம் தேதி, உல்ரிச் ஸ்விங்லி என்ற பாதிரியார் அங்கே கிராஸ்மூன்ஸ்டர் கோயிலில் பிரசங்கம் செய்ய ஆரம்பிக்கிறார். வழக்கமாகத் திருநாளுக்குத் திருநாள் குறித்து வைத்த வேதப்பகுதியைத்தான் வாசிப்பார்கள். இவர் அதை விட்டுவிட்டு மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் பிரசங்கிக்கிறார். வேதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அளவுகோல். அதில் இல்லாத வழக்கம் எவ்வளவு பழசாக இருந்தாலும் கேள்வி கேட்கலாம். இதுதான் அவருடைய நிலைப்பாடு.

1522இல் தவக்காலத்தின்போது ஃப்ரோஷவர் என்ற அச்சக உரிமையாளர் வீட்டில் சிலர் கூடி சாஸேஜ் சாப்பிட்டார்கள். இறைச்சி சாப்பிடக் கூடாத நாட்கள் அவை. ஸ்விங்லி அங்கே இருந்தார், சாப்பிடவில்லை, ஆனால் சாப்பிட்டவர்களுக்காகப் பேசினார். ஊரே இரண்டாகப் பிரிந்தது.

ஸ்விங்லியைச் சுற்றி ஒரு இளைஞர் கூட்டம் சேர்ந்தது. அவர்களில் இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கான்ராட் கிரேபெல். நகர மன்ற உறுப்பினரின் மகன். பாசல், வியன்னா, பாரிஸ் என்று மூன்று ஊரில் படித்தவர், பெரிய வீட்டுப் பிள்ளை. இன்னொருவர் ஃபீலிக்ஸ் மான்ஸ். எபிரேய மொழியில் நல்ல புலமை. இருவரும் இருபதுகளில் இருந்தவர்கள். இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலருடைய வயசு.

இந்தப் பையன்களுக்கு ஸ்விங்லி ஹீரோ. ஆனால் 1523 அக்டோபரில் ஒரு விரிசல் விழுந்தது. கோயிலில் உள்ள சிலைகளையும் பழைய பூசையையும் பற்றிப் பொது விவாதம் நடந்தது. இரண்டும் வேதத்துக்கு ஒத்து வரவில்லை என்று ஸ்விங்லியே வாதாடினார். சரி, எப்போது நிறுத்துவது? அதை நகர மன்றம் முடிவு பண்ணட்டும் என்றார்.

கிரேபெல் கூட்டத்துக்கு இது ஜீரணிக்கவில்லை. வேதம் தெளிவாகச் சொல்கிறது என்று நீங்களே சொன்னீர்கள், அப்புறம் எதற்கு மன்றத்தின் அனுமதி? ஸ்விங்லி பக்கமும் நியாயம் இருந்தது. ஊரை ஒட்டுமொத்தமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவசரப்பட்டால் எல்லாம் உடையும் என்று அவர் நினைத்தார். ஒரு பெரிய நிறுவனத்துக்குள் மாற்றம் கொண்டுவர முயன்றவர்களுக்கு இந்த இரண்டு மனநிலையும் பழக்கமானதுதான்.

எட்டு நாள் கெடு

வேதத்தை அந்தக் கண்ணோடு வாசித்துக்கொண்டே போன இளைஞர்கள் ஓர் இடத்தில் நின்றார்கள். புதிய ஏற்பாட்டில் ஒருவர் முதலில் கேட்கிறார், நம்புகிறார், அப்புறம் ஞானஸ்நானம் எடுக்கிறார். அப்படியானால் பேசவே தெரியாத குழந்தைக்குக் கொடுப்பது எப்படி?

சுவாரசியம் என்னவென்றால், ஸ்விங்லிக்கே ஒரு காலத்தில் இந்தச் சந்தேகம் இருந்தது. பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார். ஆனால் 1525 வாக்கில் அவர் வேறு பதிலுக்கு வந்துவிட்டார். பழைய ஏற்பாட்டில் ஆபிரகாமின் சந்ததியில் பிறந்த ஆண் குழந்தைக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் நடக்கும். குழந்தை நம்பியதாலா? இல்லை. அது கடவுளின் உடன்படிக்கைக்குள் பிறந்ததால். ஞானஸ்நானமும் அதே போன்ற அடையாளம். குழந்தை தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கடவுள் அந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

இதை நான் லேசாகச் சொல்லிக் கடக்க மாட்டேன். இது பலமான வாதம். எங்க அப்பா மனதில் இருப்பதும் இதுதான். "நீ கேக்குறதுக்கு முன்னாடியே உனக்குக் கிடைச்சது" என்பது அன்பின் வாதம்.

1525 ஜனவரி 17 அன்று நகர மன்றம் பொது விவாதம் வைத்தது. ஸ்விங்லி ஒரு பக்கம், அவருடைய பழைய சீடர்கள் மறுபக்கம். மன்றம் ஸ்விங்லி பக்கம் தீர்ப்பு சொன்னது. மறுநாள் உத்தரவு வந்தது. ஞானஸ்நானம் பெறாத எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டு நாளைக்குள் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். மறுப்பவர்கள் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற வேண்டும்.

கிரேபெல் வீட்டில் அப்போதுதான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. சில நாள் குழந்தை. அவர் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்திருந்தார். அதனால் இது அவருக்குத் தத்துவ விவாதமாக மட்டும் இருக்கவில்லை. தொட்டிலில் கிடந்த மகளைப் பற்றிய கெடு அது. ஜனவரி, கடும் குளிர்காலம், கைக்குழந்தையோடு ஊரைவிட்டுப் போக வேண்டி வரும்.

ஜனவரி 21, மாலை

ஜனவரி 21 அன்று இன்னொரு உத்தரவு. கிரேபெலும் மான்ஸும் இனி வேதப்படிப்புக் கூட்டம் நடத்தக் கூடாது. வெளியூர்க்காரர்கள் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

அன்று மாலை மான்ஸின் அம்மா வீட்டில் ஒரு சின்னக் கூட்டம் கூடியது. கிராஸ்மூன்ஸ்டர் கோயிலுக்கு அருகிலேயே இருந்த வீடு. ஸ்விங்லி பிரசங்கம் செய்த இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். ஜெபம் பண்ணினார்கள். ஜெபம் முடிந்ததும் ஜார்ஜ் என்ற முன்னாள் பாதிரியார் எழுந்தார். நீலக் கோட்டுக்காரர் என்ற அர்த்தத்தில் அவரை பிளாவ்ராக் என்று கூப்பிடுவார்கள். தன் விசுவாசத்தின்பேரில் தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்படி கிரேபெலைக் கேட்டு முழங்காலிட்டார். கிரேபெல் கொடுத்தார். பிறகு மற்றவர்கள் பிளாவ்ராக்கைக் கேட்டார்கள், அவர் கொடுத்தார்.

இங்கே நம்ம ஊர் சண்டைக்கு ஒரு தகவல். அன்று யாரும் முங்கவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், அவ்வளவுதான். எவ்வளவு தண்ணீர் என்பது அன்றைக்குக் கேள்வியாக இல்லை. யார் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஞானஸ்நானம் என்றால் பெற்றோர் கேட்டு வாங்குவது. அந்த அறையில் வளர்ந்த மனிதர்கள் தங்களுக்காகத் தாங்களே கேட்டார்கள்.

எதிரிகள் அவர்களுக்கு அனபாப்டிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். 'மறுபடி ஞானஸ்நானம் எடுப்பவர்கள்' என்று அர்த்தம். அவர்களுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. தங்களுக்கு இதுதான் முதல் ஞானஸ்நானம், குழந்தையில் நடந்தது கணக்கில் வராது என்றார்கள்.

பாருங்க, எங்க அப்பாவின் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அப்போ நாங்க கொடுத்தது செல்லாதா?

அடுத்த சில நாட்களில் பக்கத்திலிருந்த சோலிகான் கிராமத்தில் விவசாயக் குடும்பங்கள் வீடு வீடாக ஞானஸ்நானம் எடுத்தன. நெருப்பு பற்றிக்கொண்டது.

ஒரு நகரம் ஏன் பயந்தது?

இன்று நமக்கு இது புரியக் கொஞ்சம் கஷ்டம். யாரோ சிலர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அரசுக்கு என்ன?

அன்றைய ஐரோப்பாவில் ஞானஸ்நானமும் குடியுரிமையும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. ஊரில் பிறந்தால் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம், அதனால் நீ இந்தச் சமூகத்தின் ஆள். ஊரும் சபையும் ஒரே கூட்டம். அனபாப்டிஸ்டுகள் சொன்னது இதை அடியோடு ஆட்டியது. பிறந்த ஊர் வேறு, சபை வேறு. சபைக்குள் வர வேண்டுமானால் நீயே நடந்து வர வேண்டும். வராமல் இருக்கவும் உனக்கு உரிமை உண்டு.

கூடவே அவர்களில் பலர் சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டோம், ஆயுதம் தூக்க மாட்டோம் என்றார்கள். சுவிஸ் நகரங்கள் நின்றதே குடிமக்களின் பிரமாணத்தின் மேலும் அவர்கள் பிடித்த ஈட்டியின் மேலும்தான். அதே 1525இல் ஜெர்மன் பகுதிகளில் விவசாயிகளின் பெரும் கிளர்ச்சி வேறு நடந்துகொண்டிருந்தது. ஆட்சியாளர்களுக்கு எல்லாமே ஒரே தீயாகத் தெரிந்தது.

1526இல் சூரிச் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. யார் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கவில்லை என்று கண்டுபிடிப்பதும் அதன் நோக்கம். அதே வருஷம் மார்ச் மாதம் சட்டம் கடுமையானது. இனி மறுஞானஸ்நானம் கொடுப்பவர்களுக்குத் தண்டனை நீரில் மூழ்கடித்தல்.

லிம்மத் ஆறு

கிரேபெல் சிறைக்குப் போனார், தப்பினார், ஊர் ஊராக அலைந்தார். 1526இல் கொள்ளைநோயில் இறந்தார் என்று கருதுகிறார்கள். 30 வயதைத் தொடவில்லை.

மான்ஸ் பிடிபட்டார். 1527 ஜனவரி 5 அன்று அவரை லிம்மத் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். நகரத்தின் நடுவில் ஓடுகிற ஆறு. கைகளை முழங்கால்களுக்குக் கீழே கட்டி, இடையில் ஒரு கம்பைச் செருகி, படகிலிருந்து தண்ணீரில் தள்ளினார்கள். சீர்திருத்தச் சபையினர் கையால் மரண தண்டனை பெற்ற முதல் சீர்திருத்தக்காரர்களில் ஒருவர் அவர். கொன்றவர்களும் கொல்லப்பட்டவரும் சில வருஷம் முன்பு ஒரே மேஜையில் உட்கார்ந்து வேதம் படித்தவர்கள்.

ஸ்விங்லிக்குப் பின் வந்த புல்லிங்கர் அனபாப்டிஸ்டுகளின் எதிரி. அவருடைய குறிப்பிலேயே ஒரு விஷயம் வருகிறது. கரையில் மான்ஸின் அம்மாவும் தம்பியும் நின்றார்கள். உறுதியாக இரு என்று அவருக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாவை நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு மகனுக்கும் குழந்தையில் ஞானஸ்நானம் நடந்திருக்கும். எல்லா வீட்டிலும் நடந்தது. வளர்ந்த மகன் அது செல்லாது என்கிறான். அந்த அம்மா தன் வீட்டுக் கதவைத் திறந்து விட்டார். கடைசியில் கரையிலும் வந்து நின்றார்.

இருண்ட பக்கம்

கதையை இங்கே நிறுத்தினால் ஒரு பக்கம் தேவதைகள், ஒரு பக்கம் அரக்கர்கள் என்று ஆகிவிடும். வரலாறு அப்படி இருப்பதில்லை.

1534இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்தை அனபாப்டிஸ்டுகளின் ஒரு பிரிவு கைப்பற்றியது. அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? ஊரில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். சூரிச் மன்றத்தின் அதே உத்தரவு, தலைகீழாக. தையல்காரராக இருந்த யான் வான் லைடன் தன்னையே ராஜாவாக அறிவித்துக்கொண்டார். பல மனைவியர், வாள், மரண தண்டனை. 1535இல் நகரம் வீழ்ந்தது. தலைவர்களைக் கொன்று, உடல்களை இரும்புக் கூண்டுகளில் போட்டு, லம்பெர்ட்டி கோயில் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். கூண்டுகள் இன்னும் அங்கே இருக்கின்றன.

சொந்த முடிவு என்று ஆரம்பித்த ஒன்று, அதிகாரம் கையில் வந்த கொஞ்ச காலத்திலேயே கட்டாயமாக மாறியது. இதை அவர்களே ஒரு பாடமாக எடுத்துக்கொண்டார்கள். 1536இல் மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுக் கத்தோலிக்கப் பாதிரியார் தன் பதவியை விட்டு வந்து, சிதறிக் கிடந்தவர்களை வாளில்லாத வழியில் ஒன்று சேர்த்தார். அவர் பெயரால்தான் மென்னனைட்டுகள்.

அந்த வழி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு சம்பவம். நெதர்லாந்தின் ஆஸ்பெரன் ஊரில் டிர்க் வில்லம்ஸ் என்பவர் காவலிலிருந்து தப்பி, உறைந்த நீரின் மேல் ஓடினார். அவர் கடந்துவிட்டார். துரத்தி வந்தவனின் காலடியில் பனி உடைந்தது. டிர்க் திரும்பி வந்து அவனை வெளியே இழுத்துக் காப்பாற்றினார். அதனால் பிடிபட்டார். 1569 மே 16 அன்று எரித்துக் கொன்றார்கள்.

பிள்ளைகளின் பிரச்சினை

இதுவரை சொன்னது வீரக் கதை. எனக்கு உண்மையில் முக்கியமாகப் படுவது இதற்கு அப்புறம் வருவது.

உயிரைக் கொடுத்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்குமே? அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

1660இல் டீலமன் வான் பிராக்ட் என்ற டச்சு மென்னனைட் போதகர் தியாகிகளின் கதைகளைத் தொகுத்து 'தியாகிகளின் கண்ணாடி' என்ற மாபெரும் நூலை வெளியிட்டார். டிர்க் கதை நமக்குத் தெரிவது அதன் வழியாகத்தான். அந்த நூலின் முன்னுரையில் அவர் கவலைப்படுவது துன்புறுத்தலைப் பற்றி அல்ல. அது நெதர்லாந்தில் முடிந்துவிட்டது. மென்னனைட்டுகள் அப்போது வசதியான வியாபாரிகள். பெரிய வீடு, நல்ல துணி, கடல் வாணிபம். இந்தச் சௌகரியமான காலம்தான் துன்புறுத்தலைவிட ஆபத்தானது என்று அவருக்குப் பட்டது. தாத்தா எதற்காகச் செத்தார் என்பது பேரனுக்கு ஒரு குடும்பக் கதை மட்டுமே.

இன்னும் கொஞ்சம் முன்னால் வாங்க. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேதரின் வெளிநாட்டுக் குடியேறிகளுக்கு அழைப்பு விடுத்தார். அதை ஏற்று 1789இலிருந்து மென்னனைட்டுகள் இன்றைய உக்ரைன் பகுதியில் குடியேறினார்கள். நல்ல நிலம், ராணுவ சேவையிலிருந்து விலக்கு, சொந்த நிர்வாகம். ஊரும் சபையும் மறுபடி ஒன்றாகிவிட்டது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லைதான். ஆனால் வயசு வந்ததும், கல்யாணத்துக்கு முன்னால், எல்லாரும் வரிசையாக எடுத்துவிடுவார்கள். அது ஒரு சடங்கு.

1860 ஜனவரி 6 அன்று, மொலொச்னா குடியிருப்பில் 18 குடும்பத் தலைவர்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வெளியேறினார்கள். ஞானஸ்நானம் வெறும் சம்பிரதாயமாகிவிட்டது, மனம் மாறாதவர்களும் எடுக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டுகளில் ஒன்று. பழைய சபைக்காரர்களும் மென்னனைட் நிர்வாகமும் என்ன செய்தார்கள்? அவர்களை அடக்கப் பார்த்தார்கள். மிரட்டல், சிறை, ஊர்விலக்கு.

கவனிச்சீங்களா? 335 வருஷம் கழித்து அதே நாடகம். இந்தத் தடவை சூரிச் மன்றத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் மான்ஸின் வாரிசுகள். வெளியேறியவர்கள் மென்னனைட் பிரதரன் சபையானார்கள். 1889இல் அவர்களின் மிஷனரிகள் தெலுங்கு தேசத்து நல்கொண்டாவுக்கே வந்தார்கள்.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். ஒருவர் சொந்தமாகத் தேர்ந்தெடுத்ததை அப்படியே பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. கொடுக்கும்போதே அது பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது. அனபாப்டிஸ்டுகளாலேயே அந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியவில்லை.

என் பிரியாணி நாள் எங்கிருந்து வந்தது?

இன்னொரு பக்கம், குழந்தை ஞானஸ்நானத்தைக் காப்பாற்றிய சபைகள் என்ன செய்தன? அவர்களுக்கும் அனபாப்டிஸ்டுகளின் கேள்வி உறுத்தத்தான் செய்தது.

1538இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் மார்ட்டின் பூட்சர் என்ற சீர்திருத்தத் தலைவர் அனபாப்டிஸ்டுகளோடு உட்கார்ந்து பேசினார். ஆற்றில் தள்ளவில்லை, பேசினார். அவர்கள் வைத்த குற்றச்சாட்டில் நியாயம் இருப்பதை ஒத்துக்கொண்டார். அடுத்த வருஷம் அந்தப் பகுதிக்காக எழுதிய சபை ஒழுங்கில் ஒரு விஷயம் சேர்ந்தது. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்த பிறகு உபதேசம் படித்து, சபைக்கு முன்னால் தங்கள் வாயாலேயே அறிக்கை செய்ய வேண்டும். பலர் தாங்களாகத் திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

லூத்தரன் சபைகளில் இருக்கிற கன்ஃபர்மேஷனுக்கு இது ஒரு முக்கியமான வேர். அதாவது நான் 15 வயதில் வெள்ளைச் சட்டையோடு சொன்ன அந்த "ஆம்" இருக்கிறதே, அதில் அனபாப்டிஸ்டுகளின் பங்கு இருக்கிறது. எனக்கு இது தெரிந்த அன்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த நூல் நம்ம ஊருக்கே வருகிறது. 1687இல் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற 24 வயது இறையியல் மாணவர் லூனெபர்க் ஊரில் ஒரு பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தார். பக்தியான குடும்பத்துப் பிள்ளை, நன்றாகப் படித்தவர். தலைப்பு விசுவாசம். தயாரிக்கும்போது தனக்கே அந்த விசுவாசம் இல்லை என்று தெரிந்தது. தவித்தார். பிரசங்கத்தையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். முழங்காலில் நின்று ஜெபித்தபோது தன் சந்தேகம் நீங்கியதாகப் பின்னர் எழுதினார். அவர் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கவில்லை. தன் பழைய சபையிலேயே இருந்தார்.

பிற்பாடு ஹாலே நகரத்தில் அவர் உருவாக்கிய மையத்தோடு தொடர்புள்ள இளைஞர்தான் பார்த்தலோமேயு சீகன்பால்க். 1706 ஜூலை 9 அன்று அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கும் ஏறக்குறைய 24 வயதுதான். 1707 மே மாதம் அங்கே ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எங்கள் தமிழ் லூத்தரன் சபையின் ஆரம்பம் அது. பிறப்பால் கிறிஸ்தவனாக இருப்பது போதாது என்று நம்பியவர்கள் மூலமாக வந்த ஒன்றுதான், இன்று எனக்குப் பிறப்பால் வந்திருக்கிறது.

ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. தரங்கம்பாடியை ஆண்டது டென்மார்க். அதே டென்மார்க் 1736இல் தன் நாட்டில் கன்ஃபர்மேஷனைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அது இல்லாமல் கல்யாணம்கூடப் பண்ண முடியாது. சொந்தமாகச் சொல்ல வேண்டிய "ஆம்", சட்டத்தின் பேரில்!

கடைசியாக

2004 ஜூன் மாதம் சூரிச்சின் சீர்திருத்தச் சபை மென்னனைட்டுகளை அழைத்து, நடந்ததைத் தங்கள் பாவமாக ஒப்புக்கொண்டது. லிம்மத் கரையில் மான்ஸின் பெயரோடு ஒரு நினைவுக் கல்வெட்டு பதித்தார்கள். 2010இல் உலக லூத்தரன் கூட்டமைப்பு ஸ்டுட்கார்ட்டில் கூடியபோது மென்னனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது. லூத்தரன் என்றால் எங்கள் வீடும்தான்.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்பீங்க. நான் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் 15 வயதில் சொன்ன "ஆம்" எனக்கு உண்மையானது 15 வயதில் இல்லை. ஒரு வேலை போய், ஹாஸ்டல் மாதிரி ஒரு ரூமில் தனியாக இருந்த ஒரு வருஷத்தில், யாரும் எழுப்பிவிடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாக எழுந்து கோயிலுக்குப் போனேன். அன்றைக்குப் பிரியாணி இல்லை. போகாமலும் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் எனக்குக் கணக்கு. அக்காவுக்கு அது தண்ணீரில் நடந்தது. இரண்டு பேரும் வேறு வேறு கதவு வழியாக ஒரே அறைக்குள்தான் வந்தோம் என்று நினைக்கிறேன். அக்கா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள், அது வேற விஷயம்.

இந்த எபிசோடுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவிடம் மான்ஸின் கதையைச் சொன்னேன். ஸ்விங்லியின் வாதத்தையும் சொன்னேன். அவர் தலையாட்டினார், "அது சரிதானே" என்றார். அப்புறம் ஆற்றங்கரையில் நின்ற அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "அக்கா ஞானஸ்நானம் எடுத்தப்போ போட்டோ ஏதாவது எடுத்தாங்களா? இருந்தா அனுப்பச் சொல்லு."

அனுப்பச் சொல்லியிருக்கேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.